வாய்ப் பக்கமிருந்து வலச்சுற்று

அன்று எங்கள் பட்டறையின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் மனைவி, என் தம்பி, தம்பி மகள், எங்கள் வெல்டர். ஐந்து பேர். மேசை மேல் ஒரு லேப்டாப் இருந்தது. தரையில் சாக்கு விரித்து, அதன் மேல் ஒரு தேய்ந்த இரும்புச் சக்கரத்தைக் கிடத்தியிருந்தோம். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாத பலர் அங்கே இருந்ததைப் போல இப்போது பேசித் திரிவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி இருந்தான் என்று எழுதினேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அதுவும் இருந்ததாகத்தான் அர்த்தம்.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் புளோயர் செய்கிறது. புளோயர் என்றால் வீட்டுக் கூரையில் தொங்கும் விசிறி இல்லை. நத்தைக் கூடு போல வளைந்த பெரிய இரும்புக் கூடு. அதற்குள் ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வளைந்த இறக்கைகள். கூட்டின் ஒரு பக்கம் வட்டமான திறப்பு. அதை வாய் என்போம். காற்று அதன் வழியாக உள்ளே போகும். எதிர்ப் பக்கம் மோட்டார். தூசி, புகை, ஆவி, எதுவானாலும் இழுத்து வெளியே தள்ளுவது இதன் வேலை. நாங்கள் செய்த புளோயர் பத்து வருடம் ஓடும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லுவேன்.

கண்ணாடி ஆலைக்குப் போன புளோயர் மூன்று மாதம் ஓடியது.

மணலைச் சலிக்கும் கூடத்திலிருந்து தூசியை இழுப்பதற்காக வாங்கினார்கள். நாங்கள் அதுவரை செய்ததிலேயே பெரியது. அதற்கென்று நான் தனியாகப் பித்தளையில் பெயர்ப் பலகை அடிக்கச் சொன்னேன். இரண்டு கை அகலம். எங்கள் அப்பாவின் பெயர், பட்டறையின் பெயர், கீழே தொடங்கிய வருடம். கூட்டின் நடு நெற்றியில் நான்கு திருகு போட்டு மாட்டச் சொன்னேன். வெல்டர் கையில் பலகையை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "இங்கயேவா ஐயா? கொஞ்சம் கீழ போட்டா..." என்றார். பெயரைக் கீழே போடுகிற வழக்கம் நமக்கு இல்லை என்றேன். மாட்டிவிட்டார். இந்த வெல்டரை எல்லோரும் 'நெருப்பு' என்பார்கள். பெயர்தான் நெருப்பு. பேச்சில் அவர் ஈர விறகு. பாதி வாக்கியத்தில் அணைந்துவிடுவார்.

மூன்று மாதம் கழித்து ஆலையின் மேனேஜர் போனில் கூப்பிட்டார். "உங்க புளோயர் தூசிய சரியாவே இழுக்கல. திறந்து பாத்தா இறக்கை எல்லாம் ஓட்டை. தகடு மட்டம் சார். மட்டமான தகட்ட போட்டு ஏமாத்திட்டீங்க."

தகடு வாங்குவது, வெட்டுவது, வளைப்பது எல்லாம் தம்பியின் பொறுப்பு. நான் வாடிக்கையாளர்களிடம் பேசுவேன். முப்பது வருடமாக இப்படித்தான். அன்று போனை வைத்துவிட்டு நான் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தகடு நம்ம வழக்கமான தகடுதானே?"

அவ்வளவுதான் கேட்டேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பட்டறைச் சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தான். "அண்ணி, சந்தேகம் தீர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். தீரலன்னா எனக்கு இந்தப் பட்டறையில வேலையில்ல. அவர்கிட்ட சொல்லிடுங்க" என்று என் மனைவியிடம் சொன்னான். அவர் என்றால் நான். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பதினோரு நாள் அவன் என்னோடு பேசியதெல்லாம் என் மனைவி வழியாகத்தான். தினமும் வருவான், வேலையை முடிப்பான், போவான். சாவி மட்டும் மேசை மேலேயே கிடந்தது. பட்டறையைத் திறக்கவும் பூட்டவும் நான் போக வேண்டியதாயிற்று. அந்தப் பூட்டு எனக்குப் படியவில்லை. "பூட்டுக்குக்கூட யார் முதலாளின்னு தெரிஞ்சிருக்கு" என்றாள் என் மனைவி.

இந்த நேரத்தில்தான் தம்பி மகள் விடுப்பில் வந்தாள். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டு எங்களை உலுக்கியதால் அவளுக்கு ஏனம்மா என்று பெயர் வைத்தோம். இப்போது அவளுக்கு வேலையே அதுதான். காற்று, நீர், எண்ணெய் எதில் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் அலுவலகம். அவள் அப்பாவின் முதுகையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தேஞ்ச சக்கரத்த ஆலையிலருந்து கொண்டு வாங்க பெரியப்பா. அதோட வரைபடத்தையும் குடுங்க. மணல் எங்க மோதுது, எவ்வளவு வேகத்துல மோதுதுன்னு நான் ஓட்டிப் பாத்துச் சொல்றேன். தகடு மேல தப்பா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

"நீ உங்கப்பா பக்கம் சாய மாட்டியே?" என்று கேட்டேன்.

"நான் சாஞ்சாலும் கம்ப்யூட்டர் சாயாது பெரியப்பா."

"அண்ணி," என்றது சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "என் பொண்ணையும் சந்தேகப்பட ஆரம்பிச்சாச்சான்னு கேளுங்க."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்றாள் என் மனைவி. ஆனால் கேட்டுச் சொன்னாள்.

தேய்ந்த சக்கரமும் வாடகை வண்டியில் வந்து சேர்ந்தது. அதைக் குனிந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இறக்கைகளின் உள்வளைவில், கரண்டியால் வழித்ததைப் போலக் குழிகள். மூன்று இறக்கைகளில் விரல் நுழையும் ஓட்டை. வெளிவளைவு மட்டும் புதிதாகவே இருந்தது.

ஏனம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று? ஆயிரத்து நானூற்றைம்பது. மணல் எவ்வளவு பொடி? சலித்தபின் பறப்பது, மாவை விடக் கொஞ்சம் பருமன். எந்தப் பக்கம் சுற்றும்?

"வலச்சுற்று" என்றேன்.

"சரி" என்று தட்டினாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முற்பகல் முதல் படம் வந்தது. திரையில் எங்கள் புளோயர் அச்சு அசலாக நின்றது. பச்சையும் நீலமுமாகக் காற்று வளைந்து வளைந்து ஓடியது. எல்லாம் சரி. சக்கரம் மட்டும் அசையவில்லை.

"இது நிக்குதே!" என்றேன்.

"நிக்கல பெரியப்பா. சக்கரத்தோட சேந்து நாமளும் சுத்துறதா வச்சுக்கிட்டுப் பாக்கறோம். அப்ப சக்கரம் நிக்கற மாதிரி தெரியும். சுத்தி இருக்கற உலகம்தான் சுத்தும். சீக்கிரம் முடியட்டும்னு இப்படிச் செஞ்சேன்."

"தான் அசையாம இருந்துக்கிட்டு ஊர் உலகம் சுத்துதுன்னு நினைக்கறது" என்றாள் என் மனைவி, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு. "எனக்குப் பழக்கமானதுதான். நாப்பது வருஷமா பாக்கறேன்."

வெல்டர் இருமினார். அவருக்குச் சிரிப்பு வந்தால் இருமுவார்.

ஏனம்மா மணலை உள்ளே விட்டாள். ஆயிரக்கணக்கான புள்ளிகள் வாய் வழியாக நுழைந்து, இறக்கைகளைத் தடவிக்கொண்டு வெளியே பறந்தன. கீழே ஒரு எண் வந்தது. அவள் அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"என்ன சொல்லுது?"

"இந்தத் தேய்மானத்துல சக்கரம் ஆயிரத்து இருநூறு வருஷம் வரும்ங்குது."

நான் எழுந்து நின்றேன். "இதுதான் நம்ம வேலை! இதையே அச்செடு. மேனேஜருக்கு அனுப்பு. இப்பவே அனுப்பு."

"பெரியப்பா, இது தப்பு."

"எது தப்பு? உன் கம்ப்யூட்டர் சாயாதுன்னு நீதானே சொன்ன?"

"இங்க பாருங்க. இறக்கை சும்மா நிக்கற சுவர்னு மணல் நினைச்சுக்கிட்டிருக்கு. மெதுவா வந்து தொட்டுட்டுப் போகுது. நிஜத்துல மணல் போய் இறக்கையில மோதல. இறக்கைதான் வந்து மணல அடிக்குது. பந்து மட்டையில படறதுக்கும் மட்டை வந்து பந்த அடிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல? மோதறப்ப இறக்கைக்கு வேகம் உண்டுன்னு நான் சொல்லாம விட்டுட்டேன்."

"மணல்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நான்தான்."

"அண்ணி," என்றது சுவர். "ஆயிரத்து இருநூறு வருஷத்துக் காகிதத்த வச்சு என்னைக் காப்பாத்த வேணாம்னு சொல்லுங்க. ஓட்டை விழுந்த சக்கரம் தரையில கிடக்குது."

இதில் அவன் சொன்னது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். நான் அவசரப்பட்டேன்.

இந்த முறை ஏனம்மா உலகத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தையே சுற்ற விட்டாள். ஒரு சுற்றை முந்நூற்று அறுபது துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் இறக்கை எங்கே இருக்கிறது, எந்த மணல் எங்கே இருக்கிறது, எது எதை அடித்தது என்று கணக்குப் போடும் முறையாம். இரண்டு நாள் ஓடியது. லேப்டாப் அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. அதைக் குளிர வைக்க வெல்டர் ஒரு சின்ன மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். புளோயர் செய்யும் வீட்டில் கடை விசிறி. நான் பார்க்காததைப் போல இருந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை எல்லோரும் முன்னறையில் கூடினோம். நான் முதலில் எழுதிய அந்த ஐந்து பேர். ஏனம்மா படத்தை ஓட்டினாள். இப்போது சக்கரம் சுற்றியது. மணல் பாய்ந்தது. ஒவ்வொரு மணலும் மோதிய இடம் சிவப்பாகத் தெறித்தது. கொஞ்ச நேரத்தில் இறக்கைகளின் உள்வளைவு முழுக்கச் சிவந்துபோயிற்று. அதிலும் இறக்கைகளைப் பற்றவைத்த வட்டப் பின்தகட்டோடு ஒட்டிய மூலையில் கருஞ்சிவப்பு. வெளிவளைவு நீலமாகவே இருந்தது.

நான் தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். மறுபடி சக்கரத்தைப் பார்த்தேன். குழி இருக்கும் இடத்தில் சிவப்பு. ஓட்டை இருக்கும் இடத்தில் கருஞ்சிவப்பு.

"அப்படியே இருக்கு!" என்றேன். "ஒரு நூல் பிசகல."

"அது மட்டுமில்ல பெரியப்பா," என்றாள் ஏனம்மா. "நான் இதுல போட்டது அப்பா வழக்கமா வாங்கற நல்ல தகடு. நல்ல தகட்டுக்கே மூணு மாசத்துல ஓட்டை விழும்ங்குது. காத்தும் பாதிதான் வருது. மேனேஜர் சொன்ன மாதிரியே. அப்ப தகடு மட்டமில்ல."

என் மனைவி மேசை மேல் கிடந்த சாவிக் கொத்தைப் பார்த்தாள்.

"தம்பி," என்றேன். நேராக அவனிடம். பதினோரு நாளில் முதல் முறை. "தகடு நல்ல தகடுதான். இந்தப் பக்கம் திரும்பு."

நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பினான். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாகத் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது.

"அண்ணா."

"சொல்லு."

"இது பின்னாடி சுத்துது."

"எது?"

"சக்கரம். நம்ம இறக்கையோட வெளிவளைவுதான் முன்னாடி போகணும். இது உள்வளைவால காத்த அள்ளிக்கிட்டுப் போகுது. தலைகீழா ஓடுது அண்ணா!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். இத்தனை நாள் அடக்கி வைத்த சிரிப்பு. நாற்காலி ஆடியது.

ஏனம்மாவின் முகம் வெளுத்தது. "பெரியப்பா, வலச்சுற்றுன்னுதானே சொன்னீங்க?"

"வலச்சுற்றுதான்."

"நான் வலச்சுற்றுதான் போட்டேன்! மோட்டார் பக்கம் நின்னு பாத்தா வலது பக்கமா சுத்துது பாருங்க."

"மோட்டார் பக்கம் எவன் நிப்பான்?" என்றேன். "வாய்ப் பக்கம் நின்னுல்ல பாக்கணும்?"

"உலகத்துல எல்லாருமே மோட்டார் பக்கம் நின்னுதான் பாக்கறாங்க பெரியப்பா. அதுதான் வழக்கம்."

இதை இங்கே விளக்கிவிட வேண்டும். எங்கள் அப்பா புளோயரை வாய்ப் பக்கம் நின்றுதான் பார்ப்பார். வாய் இருக்கும் பக்கம்தான் அதற்கு முகம், மோட்டார் பக்கம் முதுகு என்பார். யாரையும் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், முதுகுப் பக்கம் நின்று பேசுவது நம் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் கட்டளை. மனிதருக்குச் சொன்னதை அவர் புளோயருக்கும் சேர்த்தே வைத்திருந்தார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரு கண்ணாடிக் கதவில் எழுதிய எழுத்தைப் பின்னாலிருந்து பார்ப்பதைப் போல, முகப் பக்கம் வலமாகச் சுற்றுவது முதுகுப் பக்கம் இடமாகத் தெரியும். அது எனக்குத் தெரியாதது இல்லை. முதுகுப் பக்கம் நிற்கிறவர்களும் இருப்பார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

"இறக்கையோட வளைவப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள் ஏனம்மா தலையில் கை வைத்துக்கொண்டு. "பெரியப்பா சொன்னாரேன்னு அப்படியே போட்டுட்டேன்."

"பொறந்ததுலருந்து ஏன், ஏன்னு கேட்டவ," என்றாள் என் மனைவி, "கேக்க வேண்டிய ஒரே இடத்துல மரியாதை காட்டியிருக்கா."

"சரி, விடு" என்றேன். "தப்பாச் சுத்த விட்டது தப்பாப் போச்சு. சரியாச் சுத்த விட்டு மறுபடி ஓட்டு."

ஏனம்மா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பெரியப்பா, நான் தப்பாச் சுத்த விட்டது ஏன் நிஜச் சக்கரத்தோட ஒரு நூல் பிசகாம ஒத்துப்போகுது?"

கடைசியில் கேட்டுவிட்டாள்.

தம்பியின் சிரிப்பு நின்றது. ஐந்து பேரும் தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தோம். உள்வளைவில் குழி. வெளிவளைவு புதுசு.

"ஆலையிலயும் அது தலைகீழாத்தான் ஓடியிருக்கு" என்றான் தம்பி. "இந்த வகைப் புளோயர் பின்னாடி சுத்தினாலும் காத்து அதே வழியாத்தான் வெளிய வரும். கம்மியா வரும், அவ்வளவுதான். அதான் அங்க யாருக்கும் தெரியல. ஆனா அவங்க ஏன் தலைகீழா இணைச்சாங்க?"

எனக்கு நினைவு வந்துவிட்டது. புளோயரை ஆலையில் நிறுவிய அன்று ஆலையின் எலக்ட்ரீஷியன் போனில் கூப்பிட்டார். "ஐயா, எந்தப் பக்கம் சுத்தணும்?" என்று கேட்டார். "வலச்சுற்று" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் நான் அதிகம் பேசுவதில்லை. அவர் மோட்டாரில் கம்பியை இணைக்கிறவர். மோட்டார் பக்கம்தான் நின்றிருப்பார்.

"கூட்டுல அம்புக்குறி போட்டிருப்பமே" என்றான் தம்பி. "இந்தப் பக்கம் சுத்தணும்னு சிவப்புல பெருசா. அதப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே? நெருப்பு, இதுக்கு அம்பு போட்டீங்களா இல்லையா?"

வெல்டர் இருமினார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"போட்டேன். அதுக்கு மேல..." என்று தொடங்கி அணைந்தார்.

"அதுக்கு மேல என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "அதுக்கு மேலதான் ஐயா பெயர்ப் பலகைய மாட்டச் சொன்னாங்க."

இரண்டு கை அகலப் பித்தளை. அப்பாவின் பெயர், பட்டறையின் பெயர், தொடங்கிய வருடம். அடியில் ஒரு சிவப்பு அம்பு.

யாராவது திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மனைவிகூட வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்த தருணங்களை நான் எண்ணிச் சொல்ல முடியும். அன்று அவற்றில் ஒன்று.

ஏனம்மா சரியான பக்கம் சுற்ற விட்டு மறுபடி ஓட்டினாள். இரண்டு நாள். இந்த முறை வெளிவளைவில் இளஞ்சிவப்பாக, பரவலாக, மெலிதாகத் தேய்மானம் வந்தது. காற்று முழுசாக வந்தது. மணல் இழுக்கும் வேலைக்கு எட்டு வருடம் வரும் என்றது எண். பத்து வருடம் என்று நான் சொல்லி வந்ததை நினைத்துப் பார்த்தேன். மணலுக்கு எட்டு. இனி அப்படியே சொல்ல வேண்டும்.

தம்பி வளைத்த புதுச் சக்கரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் அவனும் ஆலைக்குப் போனோம். ஏனம்மாவும் லேப்டாப்போடு வந்தாள். சாவிக் கொத்து இன்னும் முன்னறை மேசை மேலேதான் கிடந்தது. அண்ணனுக்குச் சந்தேகம் தீர்ந்தால் மட்டும் போதாது, தகடு மட்டம் என்று சொன்ன மேனேஜர் வாயிலிருந்தும் வர வேண்டும் என்று தம்பி வண்டியில் சொன்னான். இப்போது என்னிடமே சொன்னான். என் மனைவியின் தபால் நிலையம் மூடப்பட்டிருந்தது.

மேனேஜர் குளிரூட்டிய அறையில் எங்களை உட்கார வைத்தார். மூலையில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, கையில் ஒரு சோதனைத் திருப்புளி. ஏனம்மா இரண்டு படங்களையும் ஓட்டிக் காட்டினாள். மேனேஜர் புரிந்துகொள்ளக்கூடியவர். முதல் படத்தையும் தேய்ந்த சக்கரத்தின் புகைப்படத்தையும் ஒரு முறை பார்த்ததுமே நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்ப தலைகீழா ஓடியிருக்கு. தகடு மேல தப்பு இல்ல. சார், நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். தம்பி தலையசைத்தான். உடனே மேனேஜர் மூலைப் பக்கம் திரும்பினார். "என்னய்யா இது? இருபது வருஷ சர்வீஸ். எந்தப் பக்கம் சுத்தணும்னுகூடத் தெரியாம இணைச்சிருக்க. இவங்க பேரக் கெடுத்துட்டேன் நான், உன்னால. உன்னை என்ன செய்யறதுன்னு பாக்கறேன்."

எலக்ட்ரீஷியன் திருப்புளியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். என்னை ஒரு முறை பார்த்தார். ஐயா வலச்சுற்று என்று சொன்னீர்களே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் பேசாமல் இருந்திருந்தால் எங்கள் வேலை முடிந்தது. தகடு சுத்தம், தம்பி சுத்தம், பட்டறை சுத்தம். மரியாதையாக எழுந்து வந்திருக்கலாம். தம்பி என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"அவர் மேல தப்பு இல்ல" என்றேன். "நான் சொன்ன மாதிரிதான் இணைச்சார். போன்ல கேட்டார். வலச்சுற்றுன்னு சொன்னேன். எந்தப் பக்கம் நின்னு பாத்தான்னு சொல்லல. தப்பு என்னோடது."

மேனேஜர் விழித்தார். "கூட்டுல அம்புக்குறி பாத்திருக்கலாமே சார்?"

"வாங்க" என்றேன். "காட்டறேன்."

சலிப்புக் கூடத்தில் மணல் தூசி பனிமூட்டமாக நின்றது. எலக்ட்ரீஷியனிடம் திருப்புளியைக் கேட்டேன். அவர் தானே கழற்றுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. ஏணி மேல் ஏறினேன். கீழே தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டான். முதல் மூன்று திருகு வந்துவிட்டது. நான்காவது படியவில்லை.

"இடப்பக்கமா திருகுங்க அண்ணா" என்றான் தம்பி.

"யாருக்கு இடப்பக்கம்?" என்று கேட்டேன்.

அவன் ஏணியை விட்டுவிட்டுச் சிரித்தான். ஏணி ஆடியது. ஏனம்மா ஓடிவந்து பிடித்தாள். எலக்ட்ரீஷியன் சிரிக்கலாமா கூடாதா என்று மேனேஜரைப் பார்த்தார், மேனேஜரே சிரித்துக்கொண்டிருந்தார்.

பலகை வந்தது. அடியில் சிவப்பு அம்பு, நேற்று அடித்ததைப் போல.

புதுச் சக்கரத்தை மாட்டினோம். எலக்ட்ரீஷியன் மோட்டாரில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார். ஐந்து நிமிட வேலை. விசையைப் போட்டபோது புளோயர் ஒரு தடவை மூச்சை இழுத்தது. கூடத்தில் நின்ற தூசி மொத்தமும் அசைந்து, குழாய் வாயை நோக்கி ஓடியது. எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "மூணு மாசமா அது அங்கதான் இருக்கு" என்றார் எலக்ட்ரீஷியன். மேனேஜரின் தொப்பி பறந்துபோய்க் குழாய் வலையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துக் கொடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

பட்டறைக்கு வந்ததும் தம்பி மேசை மேல் கிடந்த சாவிக் கொத்தை எடுத்து இடுப்பில் செருகினான். நான் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அன்று பூட்டு முதல் திருகலிலேயே பூட்டிக்கொண்டது.

அப்பாவின் கட்டளையை நான் மாற்றவில்லை. இன்றும் எங்கள் பட்டறையில் புளோயரை முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறோம். ஆனால் போனில் யார் கேட்டாலும் "வாய்ப் பக்கம் நின்னு பாத்தா வலச்சுற்று" என்று முழுசாகச் சொல்லுகிறேன். அம்பையும் பார்க்கச் சொல்லுகிறேன். வீட்டில்தான் நிலைமை மோசம். வலது பக்கம் இருக்கும் அந்த டப்பாவை எடு என்று சொல்ல முடிவதில்லை. "உங்க முகத்துக்கு வலதா, முதுகுக்கு வலதா?" என்கிறாள் என் மனைவி. இதற்குப் பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று எழுந்து நானே எடுத்துக்கொள்கிறேன். அதுதான் அவள் நோக்கமும்.

கடைசியாக ஒன்று. கண்ணாடி ஆலைக்காரர்கள் கோபத்தில் எங்கள் பெயர்ப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை. பலகையை யாரும் பிடுங்கவில்லை. நான்தான் கழற்றினேன். அன்றைக்கே, அதே நான்கு திருகைப் போட்டு, அம்புக்கு ஒரு சாண் கீழே நானே மாட்டினேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.